செலீன் ஏறாத கார்

“எழுபத்தொண்டு. வாயைச் சுடும், பொறுத்துக் குடியும் பிள்ளை,” என்று சொல்லிவிட்டு, எமிலியானுஸ் அண்ணை தன் சூட்டுத் துவக்கை என் தேநீர்க் கோப்பையிலிருந்து எடுத்துத் தட்டிலிருந்த வடையின் பக்கம் திருப்புகிறார். வடையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. ஐம்பத்துநான்கு. அவருக்குத் திருப்தியில்லை. “இது எப்ப பொரிச்சது?” என்று என்னைக் கேட்கிறார். நான் விருந்தாளி. வடை சுட்டது அவருடைய மனைவி செலீன் அக்கா. இருந்தாலும் பதில் சொல்லவேண்டியது நான்.

துவக்கு என்று பெயர் வைத்தது நான்தான். அவர் ‘மீற்றர்’ என்பார். கொரோனாக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதே சாதி. விசையை அழுத்தினால் எதிரே இருக்கும் பொருளின் சூடு எண்ணாக வரும். மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். ஞானஸ்நான வீட்டுக்குப் போனால் புரியாணிச் சட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரோரச் சூடாக்கிக்கு, பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் படிக்கு. ஒருமுறை பாதரின் மொட்டைத் தலைக்கு நேரே பிடிக்கப்போனவரை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

மொன்றியலில், லாசால் பகுதியில் அவர்களுடைய டூப்ளெக்ஸ் வீட்டின் மேல்மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். என் குசினிக்கு நேர் கீழே அவருடைய கராஜ். சனிக்கிழமை காலையில் நான் சொதிக்கு வெங்காயம் வெட்டும் நேரமாகப் பார்த்து அவர் காரை முடுக்குவார். புகை சன்னலால் ஏறிவந்து சொதியில் இறங்கும். நான் அகப்பைக்காம்பால் தரையில் இடிப்பேன். “இந்தா முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம் சூடாகட்டும்,” என்று கீழேயிருந்து சத்தம் வரும். அந்தக் கொஞ்சம் ஒருநாளும் கொஞ்சமாக இருந்ததில்லை.

ஆள் கட்டை. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. கராஜுக்குள் போடுவதற்கென்று கோயில் உதைபந்தாட்டக் குழுவின் பழைய மேற்சட்டை ஒன்று வைத்திருக்கிறார். முதுகில் ‘றொக்சன்’ என்று எவனோ ஒரு பெடியனின் பெயர். வேலை செய்யும்போது கோயில் பாட்டை முணுமுணுப்பார். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் அல்லேலூயா. மக்கர் பண்ணினால் தவக்காலப் பாட்டு. நான் சைவக்காரி, ஆனால் கீழே நடக்கும் வேலை எந்த நிலைமையில் இருக்கிறதென்று பாட்டைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

டோர்வாலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. சோறும் கோழியும் தட்டில் ஏறமுன் அவற்றின் சூட்டைப் பார்ப்பது அவர் பொறுப்பு. குறித்த அளவுக்குக் கீழே இறங்கியது எதுவானாலும் குப்பைக்குத்தான் போகும். அங்கே முதலாளிகூட மறுத்துக் கதைக்க முடியாது. மனிதனுக்கு ஓரிடத்திலாவது அப்படியோர் அதிகாரம் கிடைத்துவிட்டால் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்குள் வருவான்? யார் எதைச் சொன்னாலும், “அளந்துபோட்டுக் கதை” என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், இன்றைக்கு வெயில் கூட என்றாலும் அதுதான்.

கார் ஒரு பேஜோ 404. அறுபதுகளில் செய்தது, பால் கூடிய தேநீரின் நிறம். வலிஃபீல்டில் ஒரு கிழவரிடம் வாங்கினார். ஒன்றுகூடலுக்குக் கொண்டுபோனால் எங்கள் சனம் சுற்றி நின்று கண் கலங்கும். “ஊரிலை உங்களிட்டை இப்பிடி ஒண்டு நிண்டதோ அண்ணை?” என்று கேட்பார்கள். “இல்லை. ஊரிலை எனக்குச் சைக்கிள். அதுவும் மச்சான்ரை,” என்பார். பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் கதவைத் திறந்து சாத்திக் காட்டுவார். “சத்தத்தைக் கேளும்.” உண்மையில் நல்ல சத்தம்தான். இப்போதைய கார்க்கதவுகள் சாத்தும்போது பிளாஸ்ரிக் டப்பா மூடுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி ஒன்று இருக்கிறது. வாங்கிய புதிதிலேயே அது ஒரு சேட்டை செய்தது. முன் விளக்கைப் போட்டால் ஊசி ஏறும், அணைத்தால் இறங்கும். விளக்குப் போட்டால் எஞ்சின் ஏன் சூடாகவேண்டும்? அண்ணை நாளெல்லாம் கராஜுக்குள் கிடந்து, துவக்கால் அளந்து, விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஊசிப்பெட்டியின் எர்த் வயர் துருப்பிடித்திருந்தது. விளக்குக்குப் போகிற மின்சாரம் ஊசியையும் குழப்பியது. எஞ்சினுக்கு ஒரு குறையுமில்லை. அன்றைக்கு வந்த அல்லேலூயாவை நானே மேலிருந்து கைதட்டி வரவேற்றேன்.

அந்த வயரைச் சுரண்டித் திருப்பிப் பூட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு தேநீர் ஆறுகிற நேரம். அவர் செய்யவில்லை. அதைத் திருத்துவதைவிட அதைப் பற்றிக் கதைப்பது அவருக்கு இனித்தது. காரில் யார் ஏறினாலும் விளக்கைப் போட்டுக் காட்டுவார், ஊசி ஏறும், விரல் மொழியால் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டி, “பாத்தியளே, பொய்க்காரன்” என்பார். “ஊசி பொய் சொல்லும், மீற்றர் சொல்லாது.” இந்த வசனம் எங்கள் வட்டாரத்தில் சின்னப்பிள்ளைகளுக்கும் பாடம்.

மொன்றியலுக்கு மேற்கே றிகோ என்ற ஊரில், குன்றடியில் லூர்து மாதா கோயில். கோடையில் ஒருநாள் தமிழ்ச்சனம் முழுக்க அங்கே திரளும். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை. நானும் வருடாவருடம் போகிறவள். கட்டுச்சோறு, பாய், குடை, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றோடும் கார்களும் பஸ்களும் ஊர்ந்து ஊர்ந்து போகும். போன வருடம் அந்த வரிசையில் பேஜோவும் நின்றது. அண்ணை ஸ்ரியரிங்கில், செலீன் அக்கா பக்கத்தில், நான் பின் ஆசனத்தில் மடியில் சோற்றுப் பெட்டியோடு.

செலீன் அக்கா ஒரு கார்டெரியில் சின்னக் குழந்தைகளைப் பார்க்கிறவர். ஒரு வார்த்தையை இரண்டுதரம் சொல்லமாட்டார். பத்துக் குழந்தைகள் ஒன்றாக அழும் அறையில் குரலை உயர்த்தாமல் காலம் தள்ளியவர். அவர்தான் முதலில் கண்டார்.

“இஞ்சாருங்கோ, ஊசி ஏறுது.”

“லைற் போட்டுக் கிடக்குது,” என்று அண்ணை விளக்கை அணைத்தார்.

“இறங்கேல்லை.”

“பேந்து இறங்கும். அது பொய்க்காரன், உமக்குத் தெரியுந்தானே.” கண்ணாடியில் ஒரு தட்டு.

“மணக்குது.”

“அது முன்னாலை நிக்கிற பஸ்.”

பஸ் இல்லை. எஞ்சின் மூடியின் இரண்டு பக்கத்தாலும் வெண்புகை சீறிக்கொண்டு வந்தது. அண்ணை காரை ஓரங்கட்டி இறங்கினார். அக்கா தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் போய் நின்றார். “பொறுங்கோ, ஆறட்டும்,” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அண்ணை துவக்கை நீட்டி எஞ்சினின் பளபளத்த உலோகத்தில் ஒரு புள்ளி வைத்தார். “ஒண்டுமில்லையப்பா, அவ்வளவு சூடில்லை,” என்று துவாயைப் போட்டு றேடியேற்றர் மூடியைத் திருகினார். கொதிநீர் ஆளுயரத்துக்குக் கிளம்பியது. அவர் முகத்தைத் திருப்பித் தப்பிவிட்டார். அக்காவின் வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வெந்துபோனது.

முதலுதவிக் கூடாரம், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு வாரக்கணக்கில் கட்டு. கை ஆறிவிட்டது. தோல் மட்டும் அந்த இடத்தில் மினுக்கமாக, வேறு யாருடையதோ போல இருக்கிறது. அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த மனுசன் பிழைத்திருப்பார். ஏசாமல், குத்திக்காட்டாமல், வழமைபோலச் சமைத்துப் போட்டார். ஆனால் அந்தக் காரில் மட்டும் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் கதவில் தட்டு. “தங்கச்சி, என்னைக் கோயிலிலை ஒருக்கா இறக்கிவிடுவீரோ?” அந்த ஒருக்கா ஒரு வருடம் போயிற்று. சைவக்காரி நான் வாரம் தவறாமல் பூசைக்குப் போனேன்; என்னுடைய ஞாயிற்றுக்கிழமை நித்திரை மாதாவுக்குக் காணிக்கை. என் சின்னக் காரில் அக்காவும் நானும். எங்களுக்குப் பின்னால், பனிக்காலம் தவிர, பேஜோவில் தனியாக அண்ணை. ஒரே வீட்டிலிருந்து ஒரே கோயிலுக்கு இரண்டு கார். “சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமோ?” என்று கோயில் வாசலில் பெண்கள் சிரித்தார்கள். அண்ணை கேட்டுக்கொண்டே பேஜோவின் கண்ணாடியைத் துடைப்பார். பக்கத்து ஆசனம் காலியாக இருப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவர் கார் ஓட்டுவதை நான் பின்பார்வைக் கண்ணாடியில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். எனக்கு அவரில் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவருடைய உயிர் ஒரே எண்ணத்தில்தான் இருந்தது: செலீன் அந்த முன் ஆசனத்தில் திரும்ப வந்து இருக்கவேண்டும். அதற்கு வழி காரைத் திருத்துவது என்று அவர் முடிவெடுத்தார். ஆண்கள் வேறென்ன முடிவெடுப்பார்கள்?

முதல் ஆலோசனை புரோசார்ட்டிலிருந்து வந்தது. சண்முகலிங்கம் அண்ணை, ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர், எந்தக் காரின் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர். தெர்மோஸ்ரற் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் சூடு பிடிக்கும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் மறித்து வைத்திருக்கும். “அதைக் கழட்டி எறி எமிலி. ஊரிலை கார் வாங்கினால் முதல் வேலை அதுதான். தண்ணியை மறிச்சால் கொதிக்குந்தானே?” யாழ்ப்பாணத்து வெயிலில் அது செல்லுபடியாகும். அங்கே எஞ்சின் குளிர்ந்து செத்ததாகச் சரித்திரமில்லை. இருவருமாகச் சேர்ந்து, இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில், அந்த வால்வைக் கழற்றி எடுத்தார்கள். ஊசி கீழே போய்ப் படுத்துக்கொண்டது. சொதி கொதிக்கும்வரை அல்லேலூயா.

நவம்பரில் ஒரு ஞாயிறு அண்ணை பேஜோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து, அக்காவுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்திருக்கமாட்டார். “வந்து பாரும். ஊசி அசையாது.” அக்கா ஏறவில்லை. குனிந்து, உள்ளே ஹீட்டர் காற்று வருகிற துளைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார். காற்று ஐஸாக வந்தது. வால்வு இல்லாத எஞ்சின் அந்தக் குளிரில் எங்கே சூடாவது? அண்ணை கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் அதை ஓட்டிக்கொண்டு திரிந்தார்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றார் அக்கா. “ஆனா நவம்பரிலை ஆருக்குக் கொதிக்குது?”

சொல்லிவிட்டு என் காரில் வந்து ஏறினார். பனி உருகத் தெருவில் உப்புப் போடத் தொடங்கியதும், துருவுக்குப் பயந்து பேஜோ போர்வைக்குள் போய்விட்டது. பனிக்காலம் முழுக்க எனக்குக் கீழே அமைதி.

பனி கரைந்த பிறகு ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு நான் கீழே இறங்கினால், அடுப்பில் செலீன் அக்காவின் பால்சட்டி. அதற்குள் நூலில் கட்டித் தொங்கிக்கொண்டு அந்த வால்வு. வால்வு வேண்டும் என்ற ஞானம் அண்ணைக்குப் பனிக்காலத்தில் பிறந்திருந்தது. தண்ணீர் எந்தச் சூட்டில் அதைத் திறக்கிறது என்று பார்க்கிறாராம். பக்கத்து அடுப்பில் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காய் வதக்கினார்.

“அறுபத்திரண்டு,” என்றார் அண்ணை, மின்னிக்கொண்டிருந்த சட்டியின் வயிற்றில் சிவப்புப் புள்ளியை வைத்து.

அக்கா திரும்பினார். “கொதிக்குது. குமிழி வருது. உங்கடை மீற்றர் அறுபத்திரண்டு எண்டுதோ?”

நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அண்ணை திரும்ப அளந்தார். அறுபத்தொன்று. சட்டியைத் தொடப் போனார். நான் வேண்டாம் என்றேன். தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கும் மூக்கிலிருந்ததைத் தலைக்கும் மாற்றினார். அப்படியும் அறுபத்தொன்று. பளபளக்கிற உலோகத்தில் அந்தத் துவக்கு பிழையாகத்தான் காட்டும், குறைத்துத்தான் காட்டும் என்பது அவருக்குப் பிறகு தெரிந்தது. வேலையில் அவர் அளந்தது சோற்றையும் கோழியையும். சோறு பளபளப்பதில்லை. றிகோவில் மூடியைத் திறக்கமுன் அவர் புள்ளி வைத்தது எதில் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் முகத்தில் தெரிந்தது.

“திறந்திட்டுது,” என்றார் அக்கா. சட்டிக்குள் வால்வு வாயைத் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்குப் பிறகு அவருடைய வேலை மாறியது. வால்வைத் திரும்பப் பூட்டி, எஞ்சினில் சூடு பார்க்கிற இடங்களில் பளபளக்காத கறுப்பு ரேப் ஒட்டி, அதன்மேல் அளந்தார். அந்த எர்த் வயரையும் ஒருவழியாகச் சுரண்டிப் பூட்டினார்; விளக்கைப் போட்டால் ஊசி அசையவில்லை. ஓடும்போது சூடு சரி. நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டால் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஜூன் மாதம் முழுக்கத் தவக்காலப் பாட்டு.

கடைசியில் பிடித்துவிட்டார். இந்த இடத்தைச் சரியாக எழுதச் சொல்லி எனக்குக் கட்டளை. அந்தக் காரின் காற்றாடி எப்போதும் முழு வேகத்தில் சுற்றாது. தண்ணீர் சூடானதும் மின்சாரம் போய், ஒரு காந்தம் காற்றாடியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் வேகமாகச் சுற்றும். மின்சாரத்தைக் கடத்துகிறது பென்சில் துண்டு அளவில் ஒரு கரிக்குச்சி. அது தேய்ந்து போயிருந்தது. தெருவில் ஓடும்போது எதிர்க்காற்று காப்பாற்றியது. வரிசையில் நின்றால் காப்பாற்ற ஆளில்லை. றிகோவில் நடந்தது அதுதான். புதுக் குச்சி தபாலில் வந்து பூட்டியதும், ஊசி நடுவுக்கு மேலே கொஞ்சம் ஏறும், ‘டக்’ என்று ஒரு சத்தம், காற்றாடி இரையும், ஊசி இறங்கும். அந்த ‘டக்’கை எனக்கு எத்தனை தரம் கேட்கவைத்தார் என்று சொல்லத் தேவையில்லை. நித்திரையிலும் கேட்டது.

அன்று பின்னேரம் அக்காவையும் கராஜுக்குக் கூப்பிட்டார். அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றார். ஊசி ஏறியது. டக். இறங்கியது. திரும்பவும் ஏறியது. டக். இறங்கியது.

“விளங்கிச்சுதோ?” என்றார் அண்ணை.

“ஓம், விளங்குது.”

“அப்ப றிகோவுக்கு வாறீர்தானே?”

அக்கா கையைத் துடைத்து முடித்தார். துவாயை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். “அண்டைக்கும் ஊசியைப் பாத்து நான் சொன்னனான். ஏறுது எண்டு சொன்னனான், இறங்கேல்லை எண்டு சொன்னனான், மணக்குது எண்டும் சொன்னனான். நீங்கள் கண்ணாடியைத் தட்டினீங்கள். ஆறட்டும் எண்டன். அதுக்கு அளந்தீங்கள். ஒருக்கா என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. காரைத் திருத்திப்போட்டியள், அது சரி.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. உள்ளே போய்விட்டார். அண்ணை எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தபடி ஆசனத்தில் பக்கவாட்டில் இருந்தார். நான் மேலே ஏறிப்போய் இரவுச் சாப்பாடு சமைத்து முடிக்கும்வரை கீழேயிருந்து ஒரு பாட்டும் வரவில்லை.

றிகோவுக்கு முதல்நாள் மாலை, வாசற்படியில் வைத்து அக்காவே கதையைத் தொடங்கினார். நானும் இருந்தேன்.

“நாளைக்கு நான் உங்களோடை வாறன். ஆனா நிப்பாட்டுங்கோ எண்டு நான் சொன்னால் நிப்பாட்டவேணும். ஏன் எண்டு கேக்கக்கூடாது. அளக்கக்கூடாது.”

“அளக்காமல் எப்பிடியப்பா...” என்று தொடங்கியவர் அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்தினார். தலையை ஆட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர், அதுவும் முயலின் நாலு காலையும் இம்முறை சரியாக எண்ணி வைத்திருக்கிறவர், ஒரு பெண் காரணம் சொல்லாமல் சொன்னதற்காகக் கேட்பாரா? இந்த வருடத்தோடு அக்கா அந்தக் காரில் ஏறுவது முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் அக்கா ஏறினார். அந்த நல்ல சத்தத்தோடு கதவு சாத்தியது. நான் பின்னால். நெடுஞ்சாலையில் வோத்ரெய் தாண்டும்போது அண்ணை மெதுவாகப் பாடத் தொடங்கி, பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். றிகோவுக்குள் நுழைந்ததும் வரிசை. மேலே வெயில் கொளுத்துகிறது, முன்னாலும் பின்னாலும் பஸ்கள், ஒலிபெருக்கியில் செபமாலை. கார் ஒரு முழம் நகரும், நிற்கும்.

ஊசி ஏறத் தொடங்கியது. மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. இன்னும் ஒரு மயிரிழை. அந்த இடம் எனக்கே மனப்பாடம்; இந்தா டக் என்னப்போகிறது, இந்தா இறங்கப்போகிறது. காருக்கு ஒன்றுமில்லை என்று அந்த வரிசையில் நின்ற எல்லோரையும்விட அண்ணைக்குத் தெரியும்.

“நிப்பாட்டுங்கோ,” என்றார் செலீன் அக்கா.

அண்ணையின் வாய் திறந்தது. பொறுங்கோ அக்கா, இப்ப இறங்கும் என்று நான் பின்னாலிருந்து சொல்ல வாயெடுத்தேன். ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் தலையைத் திருப்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்காவின் உதடு வெளிறிப் போயிருந்தது. இரண்டு கையையும் மடிக்குள் ஒடுக்கி வைத்திருந்தார். அண்ணை வாயை மூடிக்கொண்டு திறப்பைத் திருகினார். எஞ்சின் நின்றுவிட்டது.

முன்னால் வரிசை நகர்ந்து இடைவெளி விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹோர்ன் அடித்தது. கோயில் ஆட்கள் இரண்டொருவர் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால், கையில் தண்ணீர்ப் போத்தலோடு, சண்முகலிங்கம் அண்ணை.

“என்ன எமிலி, இந்த வருசமும் கொதிச்சிட்டுதோ? நான் அப்பவே சொன்னனான், அந்த வால்வைக் கழட்டி எறி எண்டு. நீ திரும்பப் பூட்டினாய்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கரிக்குச்சி, காந்தம், எர்த் வயர், கறுப்பு ரேப் என்று ஒரு வருடத்துக் கதை அவருடைய தொண்டையில் வந்து நின்றதை நான் கண்டேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

“ஓம்,” என்றார். “கொதிச்சிட்டுது.”

பிறகு ஒரு கையை ஸ்ரியரிங்கில் வைத்து, தோளைக் கதவுச்சட்டத்தில் கொடுத்து, அந்த வெயிலில் காரைத் தள்ளத் தொடங்கினார்.